தண்டனைக்கும் முடிவு உண்டோ? – ஓரிஜென் வாழ்க்கை

கி.பி. 202ஆம் ஆண்டு. எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் லெயோனிதஸ் என்னும் கிறித்தவர் தம் சமயத்தின் பொருட்டுச் சிறையிடப்பட்டார். அவருடைய ஏழு மைந்தருள் மூத்தவர் ஓரிஜென். பதினேழு வயது நிரம்பாத அவர், தந்தையுடன் தாமும் மடியத் துடித்தார். தடுக்க வேறு வழி காணாத தாய், மகனின் ஆடைகளையெல்லாம் ஒளித்து வைத்தார். வெளியே செல்ல இயலாத ஓரிஜென், எங்களை எண்ணி மனம் மாறிவிட வேண்டாம் எனத் தந்தைக்கு மடல் எழுதினார். லெயோனிதஸ் தலை வெட்டுண்டார். குடும்பத்தின் உடைமைகளை அரசு பறித்துக்கொண்டது.

இவற்றை நமக்கு உரைப்பவர் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியுஸ். ஓரிஜென்மீது பெரும்பற்றுடையவர் ஆதலின் அவர் சிலவற்றை மிகுத்துக் கூறியிருக்கலாம். ஆயினும் தாய் ஆடையை ஒளித்த செய்தி புனைவாக எனக்குத் தோன்றவில்லை.

பதினெட்டு வயதிலேயே மறைக்கல்விப் பள்ளியின் பொறுப்பு ஓரிஜெனிடம் வந்தது. தம்மிடமிருந்த இலக்கிய ஏடுகளை விற்று, நாளொன்றுக்கு நான்கு ஓபோல் காசு பெற்று வாழ்ந்தார். பின்னாளில் அம்புரோஸ் என்னும் செல்வர் சுருக்கெழுத்தாளர் ஏழு பேருக்குமேல் அமர்த்தித் தர, உரைகள் பெருகின. பாலஸ்தீன ஆயர்கள் அவருக்குக் குருப்பட்டம் அளித்ததை அலெக்சாந்திரியாவின் ஆயர் தெமேத்ரியுஸ் ஏற்கவில்லை. அப்பூசலால் செசரியாவில் குடியேறினார்.

அவரை வாழ்நாள் முழுதும் வாட்டிய வினா, இறைவன் நீதியுள்ளவரா என்பதே. உரோமையர் திருமுகத்தில் பவுலடியார் ஏசா, யாக்கோபு என்னும் இரட்டையரைக் குறிப்பிடுகிறார். பிறக்குமுன்னரே, நன்மையோ தீமையோ செய்யுமுன்னரே, ஒருவர் விரும்பப்பட்டார், மற்றவர் வெறுக்கப்பட்டார். இஃது எவ்வாறு நீதியாகும்? உடல் எடுப்பதற்கு முன்பே உயிர்கள் தம் விருப்புரிமையால் இறைவனை விட்டு வெவ்வேறளவில் விலகின என்றும், பிறப்பின் ஏற்றத்தாழ்வு அதன் விளைவே என்றும் ஓரிஜென் கருதினார். ஊழ்வினை பற்றிப் படித்து வளர்ந்த நமக்கு இவ்விடை முற்றிலும் அயலானதன்று. எனினும் மனித உயிர் விலங்குடலில் புகும் என்பதை அவர் ஏற்றாரல்லர்.

மறுமை பற்றிய சிந்தனை இதன் தொடர்ச்சியே. மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரம் முடிவில்லாத் தண்டனையைக் கூறுகிறது. அங்குள்ள கிரேக்கச் சொல்லுக்கு வேராகிய ‘அயோன்’ என்பதோ ஊழியையும் குறிக்கும். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம், ஒவ்வொருவர் வேலைப்பாட்டையும் நெருப்பு சோதிக்கும் என்கிறது. அதே திருமுகத்தின் 15ஆம் அதிகாரம், இறுதியில் கடவுளே அனைத்திலும் அனைத்துமாவார் எனக் கூறுகிறது. இவ்விடங்களை ஓரிஜென் ஒருசேர வைத்துப் பார்த்தார். நரக நெருப்பு வெளியிலிருந்து மூட்டப்படுவதன்று. தம் நெருப்பின் ஒளியில் நடப்போரை எசாயா காட்டுவதுபோல, பாவி தானே மூட்டிக்கொள்வது. மருத்துவர் கசப்பு மருந்து தருவதும், அறுப்பதும், சுடுவதும் நோய் நீங்கவே. இறைவனின் தண்டனையும் அத்தகையதே என்றார். தந்தையைக் கொன்றோரும் இந்த மருத்துவத்துக்குள் அடங்குவர் என்பதை அவர் எண்ணாமலா இருந்திருப்பார்?

ஆனால், இதைத் துணிந்த முடிபாக அவர் அறையவில்லை. ஆய்வுக்குரிய கருத்தாகவே முன்வைத்தார். அலகையும் மீட்படையும் எனத் தாம் கற்பித்ததாக எழுந்த குற்றச்சாட்டை நண்பருக்கெழுதிய மடலில் சினத்துடன் மறுத்தார். கெல்சுசுக்கு எழுதிய மறுப்பு நூலிலோ, தண்டனைக்கு அப்பாலுள்ளதை எல்லார்க்கும் விளக்குதல் நலமன்று என்றார். அச்சம் ஒன்றே தீமையிலிருந்து காக்கும் மாந்தர் பலர் என்பது அவர் எண்ணம். உண்மை எனத் தாம் நம்பியதை மாணவரிடம் ஓரளவு மறைக்க வேண்டிய ஆசிரியரின் இடர்ப்பாடு இது. இவ்விடத்தில் அவருடன் எனக்கு முழு உடன்பாடில்லை. அச்சத்தால் காக்கப்பட்ட நன்மையை அவரே நன்மை எனக் கொண்டிரார்.

கி.பி. 250இல் தேசியுஸ் பேரரசன் கிறித்தவரைத் துன்புறுத்தினான். அறுபதைக் கடந்த ஓரிஜெனின் கழுத்தில் இரும்பு வளையம் பூட்டினர், கால்களைத் தொழுமரத்தில் நான்காம் துளைவரை அகட்டினர், எரித்துவிடுவதாக அச்சுறுத்தினர். அவரைச் சாகவிடாமல் வதைப்பதிலேயே நடுவர் கருத்தாயிருந்தார். விடுதலைக்குப் பின் சிறிது காலமே வாழ்ந்து, ஏறத்தாழ 254இல் மறைந்தார்.

இறந்து முந்நூறு ஆண்டுகள் நெருங்கும்போது வழக்கு மீண்டும் எழுந்தது. 543இல் பேரரசர் யுஸ்தீனியான், தீயோர் தண்டனைக்கு முடிவுண்டு என்பாரைச் சபித்து ஆணையிட்டார். 553ஆம் ஆண்டுக் கான்ஸ்தாந்திநோபிள் பொதுச்சங்கத்தின் கண்டனப் பட்டியலில் ஓரிஜென் பெயரும் இடம்பெற்றது. ஏறக்குறைய இதே நம்பிக்கையை எழுதிய நீசா நகர் கிரகோரியோ புனிதராகவே போற்றப்பட்டார்! ஓரிஜெனின் கிரேக்க நூல்கள் பல அழிந்தன. அவருடைய தலையாய இறையியல் நூல் முழுமையாக நமக்குக் கிடைப்பது ரூபினுசின் இலத்தீன் மொழிபெயர்ப்பில்தான். அவரோ இடர்தரும் பகுதிகளை மாற்றியதைத் தாமே ஒப்புக்கொண்டவர்.

2012இல் ஜெர்மனியின் மியூனிக் நூலகத்திலிருந்த பழஞ்சுவடி ஒன்றில், திருப்பாடல்கள் பற்றிய ஓரிஜெனின் 29 மறையுரைகள், அவர் பேசிய கிரேக்கத்திலேயே அடையாளம் காணப்பட்டன. சுவடியில் அவருடைய பெயர் எழுதப்பட்டிருக்கவில்லை.