உலகமே வியந்த படம், கதைக்கு மட்டும் கடும் திட்டு... யார் இந்த தேயா ஃபான் ஹார்பு?

'எந்திரன்' சிட்டி வருவதற்கு 83 வருஷம் முன்னாடியே ஒரு பெண் ரோபோ திரையில் எழுந்து நடந்தது. படத்தின் பெயர் 'மெட்ரோபோலிஸ்'. 1927-ல் ஜெர்மனியில் வெளியான மௌனப் படம். இயக்கியவர் ஃபிரிட்ஸ் லாங். கதை எழுதியவர் அவருடைய மனைவி தேயா ஃபான் ஹார்பு.

காட்சிகளைப் பார்த்து வாய்பிளந்தவர்களில் பலர் கதையைக் கேட்டு கடுப்பானார்கள். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. அதைப் புரிந்துகொள்ள ஹார்புவின் வாழ்க்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதில் ஒரு இந்தியரும் வருகிறார்.

மேடையில் இருந்து சினிமாவுக்கு

1888 டிசம்பர் 27-ல் பவேரியா பகுதியில் பிறந்தவர் ஹார்பு. முதலில் நாடக நடிகை, பிறகு நாவலாசிரியர். 1914-ல் நடிகர் ருடால்ஃப் க்ளைன்-ரோகேயை மணந்தார். இந்தியாவைக் களமாக வைத்து 1918-ல் அவர் எழுதிய நாவல் சினிமாவாகத் தயாரானபோது, திரைக்கதை வேலையில் கூடவே இருந்தவர் ஃபிரிட்ஸ் லாங். இருவரும் 1922-ல் திருமணம் செய்துகொண்டார்கள்.

அடுத்த 10 வருஷம் ஜெர்மன் சினிமாவில் இந்த ஜோடியின் காலம். 'டாக்டர் மபூஸே', 'நிபெலுங்கன்', 'எம்' என்று வரிசையாகப் படங்கள். சுவாரசியம் என்னன்னா, முதல் கணவர் க்ளைன்-ரோகே இரண்டாவது கணவரின் படங்களில் தொடர்ந்து நடித்தார். 'மெட்ரோபோலிஸ்' படத்தில் ரோபோவை உருவாக்கும் விஞ்ஞானி அவர்தான்.

கதை என்ன?

வானத்தைத் தொடும் கட்டடங்களில் பணக்காரர்கள். பூமிக்கு அடியில் தொழிலாளர்கள், 10 மணி நேர ஷிஃப்ட். நகரத்தை ஆளும் முதலாளியின் மகன் கீழே இறங்கிவந்து அந்தக் கொடுமையைப் பார்க்கிறான். தொழிலாளர்களுக்குப் பொறுமை சொல்லித்தரும் மரியா என்ற பெண் மீது காதல் கொள்கிறான். மரியாவின் உருவத்திலேயே ஒரு ரோபோ செய்யப்படுகிறது. அது தூண்டிவிட, தொழிலாளர்கள் இயந்திரங்களை உடைக்கிறார்கள். வெள்ளம் புகுந்து அவர்களுடைய குழந்தைகளே சாகப் பார்க்கிறார்கள். மகனும் மரியாவும் காப்பாற்றுகிறார்கள்.

கடைசியில் தேவாலய வாசலில் முதலாளியின் கையையும் தொழிலாளர் தலைவரின் கையையும் மகன் சேர்த்துவைக்கிறான். மூளைக்கும் கைக்கும் நடுவே இதயம் இருக்க வேண்டும் என்பதுதான் ஹார்புவின் செய்தி.

ஏன் இரண்டு விதமான கருத்து?

1927 ஜனவரி 10-ல் பெர்லினில் முதல் காட்சி. சுமார் 50 லட்சம் மார்க் செலவு. கண்ணாடிகளை வைத்து சின்ன மாடல் கட்டடங்களுக்குள் நிஜ மனிதர்கள் நடமாடுவதுபோல் காட்டிய தந்திரம் அன்றைக்குப் பெரிய அதிசயம். ஆனால் வசூல் கைகொடுக்கவில்லை. தயாரித்த 'உஃபா' நிறுவனம் கடனில் தள்ளாடியது. இரண்டரை மணி நேரப் படத்தை வெட்டிக் குறைத்தார்கள்.

அறிவியல் புனைகதை உலகின் ஜாம்பவான் எச்.ஜி.வெல்ஸ், படத்தை முட்டாள்தனத்தின் உச்சம் என்ற ரீதியில் கிழித்தார். ஸ்பெயின் இயக்குநர் லூயிஸ் புனுவேல் காட்சிகளைக் கொண்டாடிவிட்டு, கதைக்காக ஹார்புவைத்தான் குறை சொன்னார். பிற்காலத்தில் லாங்கே இந்த முடிவு தனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டார். பாராட்டு லாங்குக்கு, திட்டு ஹார்புவுக்கு என்று பிரிந்தது இப்படித்தான்.

மாஞ்சோலையில் நின்று பார்த்தால்

இது வெறும் சினிமா சண்டையா? நம்ம ஊர் உதாரணத்தோடு பார்க்கலாம். படம் வந்து 2 வருஷத்தில், 1929-ல், திருநெல்வேலி மாவட்டம் மாஞ்சோலை மலைக்காடு சிங்கம்பட்டி ஜமீனிடம் இருந்து 99 வருஷ குத்தகைக்கு பாம்பே பர்மா கம்பெனியிடம் போனது. தேயிலை வந்தது. மேனேஜருக்கு பங்களா, தொழிலாளிக்கு லைன் வீடு.

1999 ஜூலை 23-ல் கூலி உயர்வு கேட்டும், கைதான தொழிலாளர்களை விடுவிக்கக் கோரியும் நெல்லையில் ஊர்வலம் நடந்தது. கலெக்டரிடம் மனு கொடுப்பதுதான் திட்டம். போலீஸ் தடியடி நடத்த, தாமிரபரணியில் இறங்கியவர்கள் உட்பட 17 பேர் உயிரிழந்தார்கள். அன்றைக்குப் போனவர்கள் கையில் இருந்தது மனு. அதில் இருந்தது கணக்கு, கூலி, உரிமை. ஹார்புவின் கடைசிக் காட்சியில் இது எதுவுமே இல்லை. விமர்சகர்கள் கேட்டதும் அதைத்தான்: மனசு இளகினால் கூலி உயருமா?

ஹிட்லர் காலமும் இந்தியக் கணவரும்

1933-ல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தார்கள். அதே வருஷம் லாங்கும் ஹார்புவும் விவாகரத்து பெற்றார்கள். லாங் நாட்டைவிட்டு வெளியேறினார். ஹார்பு அங்கேயே தங்கி படங்களுக்கு எழுதினார், 1940-ல் நாஜி கட்சியில் உறுப்பினரானார். பிறகு 1947-ல் விமர்சகர் சீக்ஃப்ரீட் கிராகவுர், 'மெட்ரோபோலிஸ்' சொன்ன இதயத் தத்துவம் நாஜி பிரச்சாரத்துக்கு எவ்வளவு நெருக்கமானது என்று எழுதினார்.

ஆனா இங்கதான் ஒரு முரண். ஹார்புவின் மூன்றாவது கணவர் ஆயி டெண்டுல்கர், பெர்லினில் இருந்த இந்தியப் பத்திரிகையாளர், அவரைவிடப் பல வயது இளையவர். இனவெறி ஆட்சியில் இந்தத் திருமணத்தை ரகசியமாகத்தான் செய்ய முடிந்தது. போர் நெருங்கியபோது டெண்டுல்கர் இந்தியா திரும்பிவிட்டார். தன் சொந்த வாழ்க்கையில் இன எல்லையைத் தாண்டிய ஒருவர், அந்த எல்லையைப் போட்ட கட்சியிலேயே இருந்தார்.

கடைசி நாட்கள்

1945-ல் பிரிட்டிஷ் படை அவரைச் சில மாதங்கள் முகாமில் அடைத்தது. வெளியே வந்தவர், குண்டுவீச்சில் இடிந்த பெர்லினில் இடிபாடுகளை அள்ளும் வேலை செய்தார். 1954-ல் பெர்லின் திரைப்பட விழாவில் தன் பழைய படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது கீழே விழுந்தார். ஜூலை 1-ல் காலமானார். சில வருஷம் கழித்து லாங் உதய்ப்பூருக்கு வந்து, ஹார்புவின் அதே பழைய இந்திய நாவலைப் படமாக்கினார்.

'மெட்ரோபோலிஸ்' 2001-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பிடித்தது. தொலைந்துபோன காட்சிகளில் பெரும்பகுதி 2008-ல் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸில் கிடைத்தது. 2010-ல் புதுப்பித்த படம் திரைக்கு வந்தபோது, கதையில் குழப்பமாக இருந்த பல இடங்கள் வெட்டியதால் வந்த குழப்பம்தான் என்பது தெரிந்தது. அந்த அளவுக்கு ஹார்பு மீதான பழி குறைந்தது. கடைசிக் காட்சி மட்டும் மாறவில்லை. கைகள் சேர்கின்றன, ஷிஃப்ட் எத்தனை மணி நேரம் என்று யாரும் கேட்கவில்லை.