மாதச் சம்பளக்காரர் செய்த துப்பாக்கி
ஜான் கேரண்ட் வாழ்க்கை வரலாறு

இரண்டாவது உலகப்போரில் அமெரிக்க சிப்பாய்கள் தோளில் சுமந்து சென்ற துப்பாக்கியின் பெயர் எம்-1.  அதைச் செய்தவரின் பெயரைச் சொல்லி கேரண்ட் என்றும் அழைத்தார்கள்.

ஒரு துப்பாக்கிக்கே பெயராகிவிட்ட ஜான் கேரண்ட் பெரிய முதலாளி அல்ல. என்ஜினீயர் பட்டம் பெற்றவரும் அல்ல. அரசாங்கத் தொழிற்சாலையில் 34 ஆண்டுகள் சம்பளத்துக்கு உழைத்து ஓய்வு பெற்ற ஊழியர்.

அவருடைய கதை, கையால் வேலை செய்து பிழைக்கும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

தரை கூட்டிய சிறுவன்

கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்தில் செயின்ட் ரெமி என்ற சிற்றூர். அங்கே 1888-ம் ஆண்டு ஜனவரி 1-ந்தேதி கேரண்ட் பிறந்தார். வீட்டில் 12 பிள்ளைகள். பேசிய மொழி பிரெஞ்சு.

கேரண்ட் சிறுவனாக இருந்தபோதே தாய் இறந்துபோனார். குடும்பம் பிழைப்பு தேடி எல்லையைத் தாண்டி அமெரிக்காவுக்கு வந்தது. கனெக்டிகட் மாநிலத்தில் ஜூவெட் சிட்டி என்ற ஊரில் குடியேறியது.

அங்கே ஒரு பஞ்சாலையில் அவருக்கு வேலை கிடைத்தது. தரை கூட்டும் வேலை!

ஆங்கிலம் தெரியாத பையன், கூட்டிக்கொண்டே ஆங்கிலம் கற்றுக்கொண்டான். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் நூற்பு இயந்திரங்கள் எப்படி ஓடுகின்றன, எங்கே பழுதாகின்றன என்று பார்த்துக்கொண்டே இருந்தான். 18 வயதுக்குள் இயந்திரங்களைக் கழற்றி மாட்டும் மெஷினிஸ்ட் ஆகிவிட்டான்.

அடுத்து ராட் ஐலண்டு மாநிலத்தில், பிரவுன் அண்டு ஷார்ப் என்ற புகழ்பெற்ற கருவித் தொழிற்சாலையில் சேர்ந்தார். மயிரிழை அளவும் பிசகாமல் இரும்பைச் செதுக்கும் பழக்கம் அங்கேதான் கைக்கு வந்தது.

குறிபார்த்துச் சுடுவதில் அவருக்கு இளமையிலிருந்தே ஆசை. இயந்திர அறிவும் அந்த ஆசையும் ஒன்று சேர்ந்தபோது, துப்பாக்கி அமைப்பதில் மனம் சென்றது.

அரசாங்க வேலை

முதல் உலகப்போர் நடந்த நேரம். இலேசான இயந்திரத் துப்பாக்கி ஒன்றை கேரண்ட் வரைந்து காட்டினார். அதைப் பார்த்த ராணுவத்தார், அவரை வாஷிங்டன் நகருக்கு அழைத்து வேலை கொடுத்தார்கள். ஆனால் மாதிரித் துப்பாக்கி தயாராவதற்குள் போர் முடிந்துவிட்டது.

துப்பாக்கி போனாலும் ஆளை அரசாங்கம் விடவில்லை. 1919-ம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஸ்பிரிங்பீல்டு ஆயுதத் தொழிற்சாலைக்கு அனுப்பியது. 18-ம் நூற்றாண்டில் தொடங்கிய பழமையான அரசாங்கத் தொழிற்சாலை அது. மறு ஆண்டே கேரண்ட் அமெரிக்கக் குடிமகன் ஆனார்.

அங்கே அவருக்குக் கொடுத்த வேலை ஒன்றுதான்: சிப்பாய்க்குத் தானாகவே தோட்டா நிரப்பிக்கொள்ளும் துப்பாக்கி வேண்டும்.

அந்தக் காலத்தில் எல்லா நாட்டு சிப்பாய்களும் கைப்பிடி இழுக்கும் துப்பாக்கிதான் வைத்திருந்தார்கள். நம் நாட்டு ரெயில் நிலையங்களில் போலீசார் தோளில் பல ஆண்டுகள் தொங்கிய பழைய .303 அந்த இனத்தைச் சேர்ந்தது. ஒவ்வொரு தடவை சுட்டதும் கைப்பிடியைத் தூக்கி, பின்னுக்கு இழுத்து, முன்னுக்குத் தள்ள வேண்டும். அதற்குள் குறி கலைந்துவிடும்.

கேரண்ட் செய்ய வேண்டிய துப்பாக்கியில் சிப்பாய் விசையை மட்டும் இழுத்தால் போதும். மற்றதைத் துப்பாக்கியே செய்துகொள்ள வேண்டும். ஆனால் கனம் கூடக்கூடாது. சேற்றிலும் மணலிலும் நிற்கக்கூடாது. சாதாரண சிப்பாய் கழற்றித் துடைத்து மாட்டும்படி இருக்க வேண்டும்.

பதினேழு ஆண்டு உழைப்பு

இந்த வேலைக்கு ஒன்றல்ல, இரண்டல்ல, ஏறத்தாழ 17 ஆண்டுகள் பிடித்தன.

தோட்டா வெடிக்கும்போது உண்டாகும் வாயுதான் குண்டைக் குழல் வழியாகத் தள்ளுகிறது. அந்த வாயுவில் கொஞ்சத்தைக் குழலின் முனையருகே பிடித்து, அடியில் உள்ள ஒரு கம்பியைப் பின்னுக்குத் தள்ள வைத்தார் கேரண்ட். கம்பி பின்வாங்கும்போது பூட்டு திறக்கும். வெற்றுத் தோட்டா வெளியே விழும். பிறகு ஒரு சுருள்வில் எல்லாவற்றையும் முன்னுக்குத் தள்ள, அடுத்த தோட்டா குழலுக்குள் போய் உட்காரும். கண் இமைப்பதற்குள் இவ்வளவும் நடக்கும்.

எட்டுத் தோட்டாக்கள் செருகிய தகட்டுப் பிடி ஒன்றை மேலிருந்து அழுத்தினால் துப்பாக்கி நிரம்பிவிடும். கடைசித் தோட்டா சுட்டதும் அந்தப் பிடி 'டிங்' என்ற சத்தத்துடன் தானே வெளியே துள்ளும்.

கேரண்டுக்குப் போட்டியாக ஜான் பெடர்சன் என்ற வல்லுனர் ஒரு துப்பாக்கி செய்துகொண்டிருந்தார். அது .276 அளவுள்ள சிறிய தோட்டாவுக்கானது. கேரண்டும் அந்த அளவில் ஒன்று செய்தார். ஆனால் 1932-ம் ஆண்டு தளபதி மெக்ஆர்தர் குறுக்கிட்டார். கிடங்கு நிறைய .30 அளவுத் தோட்டா குவிந்து கிடக்கிறது, அதையே சுடும் துப்பாக்கிதான் வேண்டும் என்று தீர்த்துச் சொல்லிவிட்டார். .30 அளவிலும் கேரண்ட் வேலை பார்த்து வைத்திருந்ததால் போட்டியில் அவரே வென்றார்.

1936-ம் ஆண்டு ஜனவரி மாதம் அமெரிக்க ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. உற்பத்திக்கு வேண்டிய பல இயந்திரங்களையும் கருவிகளையும் கேரண்டே வரைந்து கொடுத்தார். 1937 செப்டம்பரில் நாள் ஒன்றுக்கு 10 துப்பாக்கிகள் வெளிவந்தன.

ஏழாவது தோட்டா

இத்துடன் கதை முடிந்தால் அது வெறும் வெற்றிக் கதை. சோதனை அதன் பிறகுதான் வந்தது.

துப்பாக்கி சிப்பாய்கள் கைக்குப் போனதும் புகார்கள் கிளம்பின. குழல் முனையில் வாயுவைப் பிடிக்கும் மூடி சரியாக நிற்கவில்லை. கரி படிந்தது. குறிமுள் ஆடியது.

அதைவிட மோசமான புகார் இன்னொன்று. சில துப்பாக்கிகள் ஆறு தோட்டா வரை ஒழுங்காகச் சுட்டன. ஏழாவதில் சிக்கி நின்றன! போர்க்களத்தில் துப்பாக்கி நின்றால், சிப்பாயின் உயிர் நிற்கும்.

தொழிற்சாலையில் செய்த மாதிரித் துப்பாக்கிகளில் இந்தக் கோளாறு இல்லை. பிறகு இது எங்கிருந்து வந்தது? துருவித் துருவிப் பார்த்ததில் உண்மை தெரிந்தது. பெருவாரியாக உற்பத்தி செய்யக் கருவி அமைத்தபோது, துப்பாக்கியின் உடற்பகுதிக்குள் இருந்த சிறிய வரம்பு ஒன்றின் ஒரு துண்டு வெட்டுப்பட்டிருந்தது. தோட்டாப் பிடியை ஆடாமல் தாங்கும் வரம்பு அது. தாங்கல் இல்லாததால் ஏழாவது தோட்டா துள்ளி விலகியது.

கருவியைத் திருத்தினார்கள். ஏற்கனவே வெட்டுப்பட்டவற்றில் உலோகத்தை ஒட்டவைத்து வரம்பை மறுபடி நிரப்பினார்கள்.

வாயு மூடியையும் கேரண்ட் கைவிட்டார். குழலிலேயே சிறிய துளை போட்டு வாயுவை இறக்கும் முறைக்கு மாற்றினார். பழைய முறையில் ஏறத்தாழ 50 ஆயிரம் துப்பாக்கிகள் செய்து முடித்திருந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றைத் திரும்ப வாங்கி மாற்றினார்கள்.

இதற்குள் 1940-ம் ஆண்டு பத்திரிகைகளில் கூச்சல் எழுந்தது. மெல்வின் ஜான்சன் என்ற வக்கீல், தான் அமைத்த துப்பாக்கியே மேலானது என்று வாதாடினார். விவகாரம் அமெரிக்க காங்கிரஸ் வரை போய்விட்டது.

கடற்படையைச் சேர்ந்த மரைன் படையினர் சான்டியாகோவில் துப்பாக்கிகளைப் போட்டி போட வைத்தார்கள். சேற்றில் புதைத்தார்கள். உப்புத் தண்ணீரில் நனைத்தார்கள். சேற்றுச் சோதனையில் பழைய கைப்பிடித் துப்பாக்கியே தேறியது, கேரண்ட் திணறியது. ஆனாலும் தானியங்கித் துப்பாக்கிகளில் கேரண்டே முதலிடம் பெற்றது. 1941-ல் மரைன் படையும் அதை ஏற்றது. அந்த ஆண்டு ஜனவரியில் நாள் ஒன்றுக்கு 600 வீதம் உற்பத்தி நடந்துகொண்டிருந்தது.

சிப்பாய் கொடுத்த சான்று

கடைசித் தீர்ப்பு போர்க்களத்தில் கிடைத்தது.

1942-ம் ஆண்டு பிலிப்பைன்ஸ் நாட்டின் பட்டான் பகுதியில் ஜப்பானியருடன் கடும் சண்டை. பதுங்குகுழியின் புழுதியிலும் அழுக்கிலும், ஒரு வாரம் வரை துடைக்காமல், எண்ணெய் போடாமல் சுட்டபோதும் கேரண்ட் நன்றாக வேலை செய்ததாக அங்கிருந்து அறிக்கை வந்தது. அனுப்பியவர் அதே மெக்ஆர்தர்! போர் முடியும் தருவாயில், போர்க்கருவிகளிலேயே சிறந்தது இதுதான் என்று தளபதி பேட்டன் எழுதினார்.

குறையே இல்லை என்று சொல்ல முடியாது. அடைமழையில் எண்ணெய் கழுவப்பட்டு பூட்டு இறுகியது. எண்ணெய்க்குப் பதிலாக கிரீஸ் தடவக் கொடுத்தபின் அந்தத் தொல்லை குறைந்தது. தோட்டாவை அழுத்திய கையை உடனே எடுக்காத சிப்பாய்களின் கட்டை விரலைத் துப்பாக்கி கடித்தது. ஒருமுறை கடிபட்டவர் மறுமுறை மறக்கவில்லை.

போருக்குப்பின் கிடங்கிலிருந்த பழைய கேரண்ட்கள் அமெரிக்கக் குடிமக்களுக்கும் விற்கப்பட்டன. வாங்கியவர்கள் கற்ற பாடமும் ஒன்று உண்டு. அதற்கென்று அளவிட்ட தோட்டாவைப் போட்டால் அது பல ஆண்டு உழைக்கும். மெதுவாக எரியும் மருந்து நிரப்பிய கனமான தோட்டாவைப் போட்டால், வாயு அழுத்தம் மிகுந்து அடிக்கம்பி வளைந்துவிடும்.

கிடைத்தது என்ன?

இரண்டாவது உலகப்போர் முடிவதற்குள் ஏறத்தாழ 40 லட்சம் கேரண்ட்கள் செய்யப்பட்டன. கொரியப் போர்க் காலத்திலும் அதற்குப் பின்பும் நடந்த உற்பத்தியையும் சேர்த்தால் 50 லட்சத்துக்கு மேல்.

துப்பாக்கி ஒன்றுக்கு ஒரு டாலர் உரிமைத்தொகை கிடைத்திருந்தால்கூட கேரண்ட் கோடீசுவரர் ஆகியிருப்பார். அவருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. காரணம், தன் காப்புரிமையை 1936-லேயே அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அவருக்கு ஒரு லட்சம் டாலர் வெகுமதி தரவேண்டும் என்று அமெரிக்க காங்கிரசில் ஒரு மசோதா வந்தது. நிறைவேறவில்லை. 1944-ல் அரசாங்கம் ஒரு பதக்கம் கொடுத்தது. மற்றபடி சம்பளம்தான்.

பனிச்சறுக்கு ஆடுவதில் அவருக்கு உயிர். வீட்டுக்கூடத்தில் தண்ணீரை நிரப்பி உறையவைத்து அதில் சறுக்கினார் என்று அவரைப்பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஆடம்பரமாக வாழ்ந்தார் என்று யாரும் சொன்னதில்லை.

1953-ம் ஆண்டு ஓய்வு பெற்றார். அவர் துப்பாக்கியின் வழியில் வந்த எம்-14, 1957-ல் ராணுவத்தில் ஏற்கப்பட்டது. அவர் உழைத்த தொழிற்சாலையை 1968-ல் அரசாங்கம் மூடிவிட்டது. இப்போது அது அருங்காட்சியகம். ஸ்பிரிங்பீல்டு ஆர்மரி என்ற பெயரைப் பின்னாளில் ஒரு தனியார் கம்பெனி எடுத்துக்கொண்டு துப்பாக்கி விற்று வருகிறது. கேரண்ட் சம்பளம் வாங்கிய இடம் வேறு, அந்தக் கம்பெனி வேறு.

1974-ம் ஆண்டு பிப்ரவரி 16-ந்தேதி, அதே ஸ்பிரிங்பீல்டு நகரில் கேரண்ட் காலமானார். அப்போது அவருக்கு வயது 86.

ஓய்வு பெற்றபோது அவருக்கு ஒரு பரிசு தந்தார்கள். வரிசை எண் 10 லட்சம் என்று பொறித்த கேரண்ட் துப்பாக்கி அது. 2018-ம் ஆண்டு அந்த ஒரே துப்பாக்கி ஏலத்துக்கு வந்தது. 2 லட்சத்து 87 ஆயிரத்து 500 டாலருக்குப் போனது.

காங்கிரஸ் கொடுக்க மறுத்த தொகையைப்போல அது ஏறத்தாழ மூன்று மடங்கு!