அன்னையின் வழித்தோன்றல்கள்

எமது கல்லூரியின் கதை பெரும்பாலும் 1824 ஆம் ஆண்டிலிருந்தே சொல்லப்படுகிறது. அதனைத் தோற்றுவித்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் எந்தக் குடும்பத்தில் வந்தவர், அவருடைய சந்ததி எங்கே சென்றது என்பவற்றையும் எம் சகோதரிகள் அறிந்திருத்தல் நன்று.

அம்மையார் 1796 ஏப்ரல் 9 ஆந் திகதி அமெரிக்காவின் கனெற்றிக்கற் மாநிலத்து நோர்விச் நகரில் பிறந்தார். தந்தையார் சாள்ஸ் லேத்றொப், தாயார் ஜொவான்னா. அக்குடும்பத்தின் மூதாதையான ஜோன் லோத்றொப் போதகர், அரச திருச்சபையை விட்டு விலகித் தனிச்சபை நடத்தியமைக்காக 1632 இல் இலண்டனில் சிறைவைக்கப்பட்டு, 1634 இல் மசச்சூசெற்ஸில் குடியேறியவர். நம்பிக்கைக்காகக் கடல் கடப்பது அக்குடும்பத்துக்குப் புதிதன்று.

1819 சனவரியில் மிறன் வின்ஸ்லோ போதகரை மணந்த அம்மையார், யூன் 8 இல் பொஸ்டனிலிருந்து 'இந்தஸ்' கப்பலில் புறப்பட்டார். 1820 இல் இருவரும் உடுவிலில் குடியேறினர். பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று ஊரார் கேட்ட காலம் அது. மழைக்கு மிஷன் வீட்டில் ஒதுங்கிய இரண்டு சிறுமியரே முதல் விடுதி மாணவிகள் ஆயினர் என்பது வழிவழியாக வரும் செய்தி. அம்மையாரின் தங்கையர் மூவரும் பின்னர் மிஷன் பணிக்கு வந்தனர்.

பிறர் பிள்ளைகளைத் தம்மோடு வைத்து வளர்த்த தாய், தம் மூத்த மகன் சாள்ஸைக் கல்விக்காக அமெரிக்காவுக்கு அனுப்ப நேர்ந்தது. 1832 இல் நியூயோர்க்கில் பதினொரு வயதில் அவன் இறந்தான். அடுத்த ஆண்டு சனவரி 14 இல் அம்மையாரும் உடுவிலிலேயே கண்மூடினார். வயது 36. கணவர் பின்னர் சென்னை சென்று, 1862 இல் வெளிவந்த தமிழ் - ஆங்கில அகராதியால் பெயர் பெற்றார்.

தாயின் பெயரையே தாங்கிய மகள் ஹரியற், ஜோன் வெல்ஷ் டலஸ் போதகரை மணந்தார். அவர்களின் பேரப்பிள்ளைகளே அமெரிக்க இராசாங்கச் செயலாளராயிருந்த ஜோன் பொஸ்ரர் டலஸ், உளவுத்துறைத் தலைவராயிருந்த அலன் டலஸ், இராசதந்திரியான எலனர் டலஸ் ஆகியோர். அம்மையாருக்கு இவர்கள் பூட்டப்பிள்ளைகள்.

அமெரிக்க வம்சவரலாறு அந்தக் கிளையோடு நின்றுவிடுகிறது. அம்மையாரிடம் எழுத்துப் படித்தவர்கள் தம் பெண்மக்களையும் படிக்க அனுப்பினர். அம்மக்கள் தம் மக்களை அனுப்பினர். பாட்டி, தாய், மகள் என ஒரே விடுதியில் வளர்ந்த வீடுகள் எம்மிடையே பல. அம்மையாரின் குடும்ப மரத்தில் அக்கிளையையும் எழுதவேண்டியவர்கள் நாமே. பாட்டிமாரின் பெயர்களையும் படித்த ஆண்டுகளையும் கேட்டறிந்து, எமது சங்கத்தின் ஏட்டில் பதிவுசெய்வோம்.