ஜான் நியூட்டன்

ஜான் நியூட்டன் (ஜூலை 24, 1725 – டிசம்பர் 21, 1807) இங்கிலாந்துத் திருச்சபையின் குருவாகவும் கிறித்தவப் பாடலாசிரியராகவும் விளங்கியவர். உலகின் பல நாடுகளில் பாடப்படும் அமேசிங் கிரேஸ் என்னும் பாடலை எழுதியவர் இவரே. இளமையில் மாலுமியாகவும், பின்னர் அடிமை வணிகக் கப்பல்களின் தலைவராகவும் இருந்தார். முதுமையில் அதே வணிகத்துக்கு எதிராக வெளிப்படையாகச் சாட்சி கூறினார். ஓல்னி என்னும் சிற்றூரில் குருவாகப் பணியாற்றிய காலத்தில், வாராந்தர ஜெபக்கூட்டங்களுக்காக இவர் தொடர்ந்து பாடல்கள் இயற்றி வந்தார். அப்பாடல்களும் இவருடைய நண்பரான கவிஞர் வில்லியம் கூப்பர் எழுதிய பாடல்களும் 1779ஆம் ஆண்டில் ஓல்னி பாடல்கள் என்னும் நூலாக வெளிவந்தன.

இளமை

நியூட்டன் இலண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரையை ஒட்டிய வாப்பிங் பகுதியில் பிறந்தார். தந்தை மத்தியதரைக் கடல் வணிகத்தில் ஈடுபட்ட கப்பல் தலைவர். தாய் எலிசபெத், இங்கிலாந்துத் திருச்சபையைச் சாராத தனிச் சபை ஒன்றின் உறுப்பினர். மகன் குருவாக வேண்டும் என்பது அவருடைய விருப்பம். வேதாகமப் பகுதிகளையும், ஐசக் வாட்ஸ் சிறுவர்களுக்காக எழுதிய பாடல்களையும் மகனுக்கு மனப்பாடம் செய்வித்தார். நியூட்டனுக்கு ஏழு வயது நிறையும் முன்பே தாய் காசநோயால் இறந்தார். பதினோராம் வயதில் நியூட்டன் தந்தையுடன் முதன்முதலாகக் கடற்பயணம் மேற்கொண்டார்.

கடல் வாழ்க்கை

1742ஆம் ஆண்டின் இறுதியில் கென்ட் பகுதியில் மேரி கேட்லெட் என்னும் பெண்ணைச் சந்தித்து அவர்மீது காதல் கொண்டார். 1743இல் இங்கிலாந்துக் கடற்படைக்குக் கட்டாயமாகப் பிடிக்கப்பட்டு ஹார்விச் என்னும் போர்க்கப்பலில் சேர்க்கப்பட்டார். அங்கிருந்து தப்பியோட முயன்று பிடிபட்டதால் கசையடி பெற்று, கடைநிலை மாலுமியாகத் தாழ்த்தப்பட்டார்.

பின்னர் மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் செல்லும் அடிமை வணிகக் கப்பலொன்றுக்கு மாற்றப்பட்டார். சியேரா லியோன் கரையை அடுத்த தீவொன்றில் ஓர் அடிமை வணிகரிடம் பணியில் சேர்ந்தார். அவ்வணிகராலும் அவருடைய ஆப்பிரிக்க மனைவியாலும் கொடுமையாக நடத்தப்பட்டு, பசியாலும் காய்ச்சலாலும் துன்புற்றார். பின்னர், தந்தையின் வேண்டுகோளுக்கிணங்கத் தேடிவந்த கிரேஹவுண்ட் என்னும் வணிகக் கப்பல் அவரை ஏற்றிக்கொண்டது.

அக்கப்பல் தாயகம் திரும்பும் வழியில், 1748 மார்ச் மாதம், அட்லாண்டிக் பெருங்கடலில் கடும் புயலில் சிக்கியது. கப்பலின் ஒரு பக்கம் உடைந்து நீர் புகுந்தது. நியூட்டன் பல மணி நேரம் நீர் இறைத்தும், பின்னர் சுக்கானைப் பிடித்தும் நின்றார். அந்நேரத்தில் இறைவனின் இரக்கத்தை வேண்டியதே தம் மனமாற்றத்தின் தொடக்கம் எனப் பிற்காலத்தில் எழுதினார். கப்பலில் இருந்த மெழுகும் மரமும் நீரைவிட எடை குறைந்தவையாதலால் அது மூழ்காமல் தப்பி, ஏப்ரல் மாதத்தில் அயர்லாந்தின் வடகரையை அடைந்தது. புயலின் நினைவாக மார்ச் 21ஆம் நாளை நியூட்டன் ஆண்டுதோறும் ஜெப நாளாக அனுசரித்து வந்தார்.

அடிமை வணிகம்

புயலில் மனம் மாறிய நியூட்டன் உடனே அடிமை வணிகத்தைக் கைவிட்டதாகவும், அப்போதே அமேசிங் கிரேஸ் பாடலை எழுதியதாகவும் ஒரு கருத்து பரவலாக உள்ளது. இது சரியன்று. அதே ஆண்டில் அவர் பிரவுன்லோ என்னும் அடிமைக் கப்பலில் துணைத் தலைவராகச் சென்றார். 1750 பிப்ரவரியில் மேரியை மணந்தார். 1750க்கும் 1754க்கும் இடையில் டியூக் ஆஃப் ஆர்கைல், ஆப்பிரிக்கன் ஆகிய கப்பல்களின் தலைவராக மூன்று முறை அடிமைகளை ஏற்றிச் சென்றார்.

இப்பயணங்களின்போது நியூட்டன் ஞாயிற்றுக்கிழமைகளில் தம் மாலுமிகளுக்கு ஆராதனை நடத்தினார். மனைவிக்கு நீண்ட கடிதங்கள் எழுதினார். அக்காலத்தில் அவர் எழுதிய கப்பல் நாட்குறிப்பு இன்றும் உள்ளது. அடிமைகளை வாங்கியது, அவர்கள் இறந்தது, கிளர்ச்சி செய்வார்கள் என்ற ஐயத்தில் சிறுவர்களின் விரல்களைத் திருகுக் கருவியால் நெரித்து உண்மையைக் கூறவைத்தது ஆகியவற்றை அதில் அன்றாடக் கணக்குப் போலக் குறித்துள்ளார். தம் சமய நம்பிக்கைக்கும் தம் தொழிலுக்கும் இடையே முரண்பாடு இருப்பதாக அப்போது அவர் உணரவில்லை. 1754இல் அடுத்த பயணத்துக்குப் புறப்படவிருந்த வேளையில் திடீரென வலிப்பு நோய் கண்டது. அவருடைய கடல் வாழ்க்கை முடிவுற்றதற்கு இந்த நோயே காரணமாகும்.

லிவர்பூலும் குருப்பட்டமும்

1755இல் லிவர்பூல் துறைமுகத்தில் சுங்கத்துறைப் பணி கிடைத்தது. ஓய்வு நேரத்தில் கிரேக்கம், எபிரேயம், சிரியாக் ஆகிய மொழிகளைக் கற்றார். ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டு, ஜான் வெஸ்லி ஆகிய மறுமலர்ச்சிப் போதகர்களுடன் பழகினார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லாததாலும், மெதடிஸ்டுகளுடன் தொடர்புடையவர் எனக் கருதப்பட்டதாலும் அவருக்குக் குருப்பட்டம் அளிக்கப் பேராயர்கள் பல ஆண்டுகள் மறுத்தனர். இறுதியில் டார்ட்மத் பிரபுவின் ஆதரவால் 1764இல் குருப்பட்டம் பெற்றார். அதே ஆண்டில் தம் கடல் வாழ்க்கையைக் கடித வடிவில் கூறும் தன்வரலாற்று நூலை வெளியிட்டார். அது அவரை நாடறியச் செய்தது.

ஓல்னியில்

பக்கிங்காம்ஷயர் மாவட்டத்திலுள்ள ஓல்னி, பின்னல் சரிகைத் தொழிலை நம்பிய ஊர். பெண்களும் சிறுவர்களும் வீட்டுக்குள் அமர்ந்து நாள் முழுவதும் சரிகை பின்னினர். கூலி மிகக் குறைவு. நியூட்டன் இவர்களின் வீடுகளுக்குச் சென்று பழகினார். மேடையிலிருந்து தம் பாவங்களையும் தடுமாற்றங்களையும் மறைக்காமல் பேசினார். கூட்டம் பெருகியதால் ஆலயத்தினுள் மேல்மாடம் ஒன்று கட்டவேண்டியதாயிற்று. நியூட்டனின் ஊதியம் ஆண்டுக்கு 60 பவுண்டு அளவே இருந்தது. ஜான் தார்ன்டன் என்னும் செல்வந்தர், ஏழைகளுக்கு உதவவும் விருந்தினரை உபசரிக்கவும் ஆண்டுக்கு 200 பவுண்டு வழங்கிவந்தார்.

1767இல் வில்லியம் கூப்பர் ஓல்னிக்குக் குடிவந்தார். கடும் மனநோயால் துன்புற்று, தற்கொலைக்கு முயன்று, மருத்துவமனையிலிருந்து மீண்டவர் அவர். இருவரின் வீடுகளும் அருகருகே இருந்தன. தோட்டங்களின் வழியாக ஒருவர் வீட்டுக்கு மற்றவர் சென்று வந்தனர். நோயாளிகளைப் பார்க்கச் செல்லும்போதும் ஜெபக்கூட்டங்களிலும் கூப்பர் நியூட்டனுக்குத் துணைநின்றார்.

வாராந்தரப் பாடல்கள்

அக்காலத்தில் இங்கிலாந்துத் திருச்சபையின் முறையான ஆராதனைகளில் சங்கீதங்களின் செய்யுள் வடிவங்களே பெரும்பாலும் பாடப்பட்டன. புதிய பாடல்களுக்கு ஜெபக்கூட்டங்களே ஏற்ற இடமாக இருந்தன. 1769இல், டார்ட்மத் பிரபுவுக்குச் சொந்தமான, ஆளில்லாத பெரிய மாளிகையொன்றின் கூடத்துக்கு ஓல்னியின் ஜெபக்கூட்டம் மாற்றப்பட்டது. அதன் தொடக்கத்துக்காக நியூட்டனும் கூப்பரும் புதிய பாடல்களை எழுதினர். அதன் பின்னர் ஏறத்தாழ வாரம் ஒன்றாகப் பாடல்களை எழுதும் முறையை நியூட்டன் மேற்கொண்டார்.

அவ்வாரம் விளக்கவிருந்த வேதாகமப் பகுதியே பெரும்பாலும் பாடலின் பொருளாக அமைந்தது. மக்கள் அப்போதனையை நினைவில் வைத்துக்கொள்ளப் பாடல் உதவியது. எட்டு அசைகளும் ஆறு அசைகளும் மாறிமாறி வரும் நான்கடிச் செய்யுள் போன்ற எளிய யாப்புகளையே நியூட்டன் மிகுதியாகக் கையாண்டார். இத்தகைய யாப்புக்குப் பொருந்தும் சங்கீத மெட்டுகள் மக்களுக்கு முன்பே தெரிந்திருந்தன. ஆகவே புதிய பாடலுக்குப் புதிய இசை தேவைப்படவில்லை. தலைமையேற்பவர் ஓரடியைப் படிக்க, மக்கள் அதைத் தொடர்ந்து பாடுவதும் அக்காலத்தில் வழக்கமாக இருந்ததால், எழுத்தறியாதவர்களும் பங்கேற்க இயன்றது.

ஊரில் நிகழ்ந்தவையும் பாடலாயின. 1776 ஜூலை 30ஆம் நாள் சந்திர கிரகணம், 1777இல் ஓல்னியில் ஏற்பட்ட தீ விபத்து, வைக்கோல் அறுப்புக் காலம், அறுவடை, இடி, காந்தக் கல், சிலந்தியும் தேனீயும் எனப் பலவற்றைப் பற்றி அவர் எழுதினார். பாடுவோர் எளிய மக்களாதலால் உவமைகளும் அணிகளும் அளவோடு இருக்கவேண்டும், பொருள் உடனே விளங்கவேண்டும் என்பது நியூட்டனின் கொள்கை.

அமேசிங் கிரேஸ்

1773 ஜனவரி 1ஆம் நாள் புத்தாண்டுக் கூட்டத்துக்காக நியூட்டன் தேர்ந்த பகுதி முதலாம் நாளாகமம் 17ஆம் அதிகாரத்தின் 16, 17 வசனங்களாகும். தன் வழிமரபு நிலைக்கும் என்ற வாக்கைப் பெற்ற தாவீது அரசன், இதற்குத் தான் தகுதியற்றவன் என வியந்து கடந்ததையும் வருவதையும் எண்ணிப் பார்ப்பது அப்பகுதி. இதற்கு இசைய 1772 டிசம்பர் இறுதியில் எழுதப்பட்டதே அமேசிங் கிரேஸ் எனக் கருதப்படுகிறது. பாடலும் கடந்த வாழ்க்கையை நோக்கி, நிகழ்காலத்துக்கு வந்து, எதிர்காலத்தை நம்பும் அமைப்பில் உள்ளது. நியூட்டன் எழுதியவை ஆறு பத்திகள். எழுதப்பட்ட காலத்தில் இது அவ்வாரத்துக்குரிய பாடல் என்பதற்கு மேல் தனிச் சிறப்பு எதையும் பெறவில்லை.

கூப்பரின் நோயும் நூல் வெளியீடும்

அமேசிங் கிரேஸ் பாடப்பட்ட அதே ஜனவரி மாதத்தில் கூப்பர் மீண்டும் மனநோய்க்கு ஆளானார். இறைவன் தம்மைக் கைவிட்டுவிட்டார் என்ற எண்ணம் அவரை விட்டு நீங்கவில்லை. அதன்பின் அவர் ஆலயத்துக்கோ ஜெபக்கூட்டத்துக்கோ வரவில்லை. 1773 ஏப்ரலில் நியூட்டனின் வீட்டுக்கு வந்த கூப்பர், ஓராண்டுக்கும் மேலாக அங்கேயே தங்கினார். நியூட்டனும் மேரியும் அவரைப் பாதுகாத்தனர். வாராந்தரப் பாடல்களை நியூட்டன் தனியாகவே தொடர்ந்தார்.

இருவரும் சேர்ந்து எழுதத் திட்டமிட்டிருந்த நூலை நியூட்டன் நெடுநாள் தள்ளிவைத்தார். இறுதியில் தங்கள் நட்பின் நினைவுச் சின்னமாக 1779 பிப்ரவரியில் அதை வெளியிட்டார். மொத்தம் 348 பாடல்கள் கொண்ட இந்நூலில் கூப்பருடையவை எழுபதுக்கும் குறைவு. அவை ஓர் ஆங்கில எழுத்தால் குறிக்கப்பட்டன. எஞ்சியவை நியூட்டனுடையவை. நூல் மூன்று பகுதிகளாக உள்ளது. முதற்பகுதி வேதாகம வரிசையில் அமைந்த பாடல்களையும், இரண்டாம் பகுதி காலங்களுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் உரிய பாடல்களையும், மூன்றாம் பகுதி ஆன்மிக வாழ்வின் படிநிலைகளைப் பற்றிய பாடல்களையும் கொண்டவை. அமேசிங் கிரேஸ் முதற்பகுதியின் 41ஆம் பாடலாகும்.

தம் பாவத்தைப் பற்றிப் பல பாடல்களில் பேசிய நியூட்டன், அடிமை வணிகத்தைக் கண்டித்து இந்நூலில் ஒரு பாடலும் எழுதவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இலண்டனும் அடிமை வணிக எதிர்ப்பும்

1780இல் இலண்டன் லம்பார்டு தெருவிலுள்ள தூய மேரி உல்னாத் ஆலயத்தின் குருவானார். 1785 டிசம்பரில் இளம் நாடாளுமன்ற உறுப்பினரான வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் அவரைத் தனிமையில் சந்தித்து அறிவுரை கேட்டார். அரசியலை விட்டு விலக எண்ணியிருந்த அவரை, நாடாளுமன்றத்திலேயே இருந்து பணியாற்றுமாறு நியூட்டன் ஊக்குவித்தார்.

1788இல் நியூட்டன் ஆப்பிரிக்க அடிமை வணிகத்தைப் பற்றிய சிந்தனைகள் என்னும் சிறு நூலை வெளியிட்டார். அவர் கடைசிக் கப்பலை விட்டிறங்கி அப்போது 34 ஆண்டுகள் ஆகியிருந்தன. தம் ஒப்புதல் வாக்குமூலம் மிகத் தாமதமாக வருகிறது என்பதை அதில் அவரே ஏற்றுக்கொண்டார். கப்பலின் கீழ்த்தளத்தில் மனிதர்கள் நெருக்கி அடுக்கப்பட்டதையும், விலங்குகளையும், கசையடிகளையும், பெண்கள் சிதைக்கப்பட்டதையும் நேரில் கண்டவராக விவரித்தார். நூல் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்பப்பட்டது. அரசின் ஆலோசனைக் குழுவின் முன்னும் நாடாளுமன்றக் குழுவின் முன்னும் அவர் சாட்சி அளித்தார். முன்னாள் அடிமைக் கப்பல் தலைவர் ஒருவரே அளித்த சாட்சி என்பதால் அது வலிமை பெற்றது. அதே 1788இல் கூப்பரும் அடிமை ஒருவரின் குரலில் அமைந்த கவிதை எழுதி இவ்வியக்கத்துக்குத் துணைநின்றார்.

மறைவு

நியூட்டன் இணையருக்குப் பிள்ளைகள் இல்லை. மேரியின் உடன்பிறந்தோரின் மகள்களான இரு சிறுமிகளை எடுத்து வளர்த்தனர். மேரி 1790 டிசம்பரில் இறந்தார். பார்வை மங்கிய பின்னும் நியூட்டன் 1806 வரை போதித்து வந்தார். 1807 மார்ச்சில் அடிமை வணிகத்தை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது. அதை அறிந்த நியூட்டன் அவ்வாண்டு டிசம்பர் 21ஆம் நாள் காலமானார். தம் கல்லறை வாசகத்தைத் தாமே எழுதிவைத்திருந்தார். அதில் இறைநம்பிக்கையற்றவராகவும் ஒழுக்கமற்றவராகவும் ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கும் ஊழியராகவும் வாழ்ந்ததைக் குறிப்பிட்டார். முதலில் இலண்டனில் அடக்கம் செய்யப்பட்ட நியூட்டன், மேரி ஆகியோரின் உடல்கள், அவ்விடத்தில் சுரங்க இரயில் நிலையப் பணி நடந்ததால் 1893இல் ஓல்னிக்குக் கொண்டுசெல்லப்பட்டன.

பாடலின் பிற்கால வரலாறு

அமேசிங் கிரேஸ் இங்கிலாந்தைவிட அமெரிக்காவில் மிகுதியாகப் பரவியது. இன்று பாடப்படும் மெட்டு நியூட்டனுக்குத் தெரியாதது. 1835இல் வில்லியம் வாக்கர் வெளியிட்ட சதர்ன் ஹார்மனி என்னும் தொகுப்பில் பாடலும் இம்மெட்டும் இணைக்கப்பட்டன. பாடலின் முடிவில் பலர் பாடும் பத்தியும் நியூட்டனுடையதன்று. வேறொரு பாடலுக்குரிய அப்பத்தி, 1852இல் ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் அங்கிள் டாம்ஸ் கேபின் புதினத்தில் இதனுடன் சேர்க்கப்பட்டது. அப்புதினத்தில் இதைப் பாடுபவர் ஓர் அடிமை. ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் ஆலயங்களிலும், பின்னர் 20ஆம் நூற்றாண்டின் குடியுரிமைப் போராட்டங்களிலும் இப்பாடல் இடம்பெற்றது. ஓல்னியில் கூப்பர் வாழ்ந்த வீடு 1900ஆம் ஆண்டு முதல் இருவரின் நினைவாக அருங்காட்சியகமாக உள்ளது.