கவனமே செல்வம்: சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர்



பரிசளிப்பு விழா என்றாலே மேடை ஏறும் பிள்ளைகளின் மேல்தான் எல்லார் கண்ணும் இருக்கும். கீழே உட்கார்ந்து கைதட்டும் பிள்ளைகளை நாம் அதிகம் நினைப்பதில்லை. அவர்கள் வீட்டில் இன்று இராத்திரி என்ன பேச்சு நடக்கும்? நம்ம பிள்ளைக்கு மண்டையில ஒண்ணும் ஏற மாட்டேங்குது, ஞாபகசக்தியே கெடையாது, ஆண்டவன் கொடுத்தது அவ்வளவுதான் என்று, அந்தப் பிள்ளையின் காதில் விழும்படியே நம்மில் பலர் சொல்லிவிடுகிறோம். சொன்னவர் மறுநாள் மறந்துவிடுவார். கேட்ட பிள்ளை மறக்காது.

நினைவாற்றல் என்பது பிறக்கும்போதே படியால் அளந்து கொடுத்துவிட்ட அரிசியா? இல்லை, உழைத்துப் பெருக்கிக்கொள்ளும் விளைச்சலா? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு தமிழ்ப் பெருமகனாரின் வாழ்க்கையைக் கொஞ்சம் பாருங்கள்.

லூமுட் துறையில் படகு ஏறினால் பங்கோர் தீவு. 1874-ஆம் ஆண்டு சனவரி 20-ஆம் நாள் அந்தத் தீவை ஒட்டித்தான் பேராக்கின் வரலாற்றையே திருப்பிய பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. மாணவர்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதே 1874-இல், சூலை 31-ஆம் நாள், கடலுக்கு அப்பால் நாகர்கோவிலை அடுத்த கோட்டாறு இடலாக்குடியில், பக்கீர் மீறான் சாகிபு, அமீனா தம்பதியருக்கு மகனாகப் பிறந்தவர்தான் செய்குத்தம்பிப் பாவலர்.

அந்த வட்டாரம் அன்று திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் மலையாளம்தான் பயிற்றுமொழி. வீட்டில் தமிழ், பள்ளியில் வேறு மொழி. நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு இந்த நிலைமையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பிற்காலத்தில் தமிழ்ப் பெரும்புலவர் என்று பெயரெடுத்தவர், முறையான தமிழ்க் கல்வியைப் பள்ளிக்கு வெளியே தேடித்தான் பெற்றார். சங்கரநாராயண அண்ணாவியார் என்ற ஆசிரியரை அண்டி இலக்கண இலக்கியங்களைப் பாடம் கேட்டார். இசுலாமிய மாணவர், இந்து ஆசிரியர். இருவருக்கும் நடுவே தமிழ் இருந்தது. வேறு எந்தச் சுவரும் இல்லை.

அந்தக் காலத்துப் படிப்பு எப்படிப்பட்டது தெரியுமா? ஆசிரியர் பாடலைச் சொல்வார். மாணவர் கேட்டு, திருப்பிச் சொல்லி, பொருள் கேட்டு, மறுநாள் பார்க்காமல் ஒப்பிக்க வேண்டும். நேற்றைய பாடம் ஒப்பித்தால்தான் இன்றைய பாடம். இப்படி வளர்ந்த பாவலர் பிறகு சென்னைக்குச் சென்று, ஓர் அச்சகத்தில் நூல்களைப் பார்வையிட்டுப் பிழை திருத்தும் வேலையில் அமர்ந்தார். எழுத்து எழுத்தாக உற்றுப் பார்க்கிற வேலை அது. கண் ஒரு நொடி அயர்ந்தால் பிழை தப்பிவிடும். உமறுப்புலவர் பாடிய சீறாப்புராணம் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் கொண்ட பெருநூல். அதற்கு உரை எழுதி வெளியிட்டவரும் இவரே. நாகைக் கோவை, கோட்டாற்றுப் பிள்ளைத்தமிழ், சம்சுத்தாசின் கோவை முதலிய நூல்களையும் பாடினார்.

இனி, அவர் பெயரை ஊரெங்கும் பரப்பிய நாளுக்கு வருவோம். 1907-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள், சென்னை விக்டோரியா மண்டபத்தில் அறிஞர்கள் கூடியிருந்த சபையில் பாவலர் சதாவதானம் செய்துகாட்டினார். அப்போது அவருக்கு வயது 32.

அவதானம் என்பது என்ன? ஒரே அமர்வில் பல காரியங்களில் மனத்தை நிறுத்திக் காட்டும் கலை. எட்டு காரியம் செய்தால் அட்டாவதானம். பத்தானால் தசாவதானம், பதினாறானால் சோடசாவதானம். நூறு செய்தால்தான் சதாவதானம். ஒருவர் அவதானியின் முதுகில் பூவையோ நெல்மணியையோ அவ்வப்போது எறிவார். எத்தனை விழுந்தது என்று எண்ண வேண்டும. ஒருவர் இடையிடையே மணி அடிப்பார். அதையும் எண்ண வேண்டும். இன்னொருவர் ஒரு தேதியைச் சொல்லிக் கிழமை கேட்பார். ஒருவர் கணக்குப் போடுவார். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்வார். ஒருவர் செய்யுளின் எழுத்துகளை முன்பின்னாகக் கலைத்து ஒவ்வொன்றாகச் சொல்வார். கடைசியில் அதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நடுவில் சதுரங்கக் காயும் நகர்த்த வேண்டும். எழுதி வைத்துக்கொள்ளத் தாளும் கிடையாது, பென்சிலும் கிடையாது. எல்லாம் மனத்துக்குள்ளேயே.

இந்தச் சோதனையில் வென்று சதாவதானி என்ற பட்டத்தைப் பாவலர் பெற்றார்.

அவர் கூர்மைக்கு ஒரு கதை சொல்வார்கள். சபையில் ஒருவர், இராமன் துருக்கனுக்குத் துணை என்று பொருள்படும் ஈற்றடியைக் கொடுத்து, வெண்பாவாக முடிக்கச் சொன்னாராம். இசுலாமியப் புலவர் என்ன செய்கிறார் பார்ப்போம் என்ற குறும்பு அதில் இருந்தது. பாவலர் கொஞ்சமும் கலங்கவில்லை. இராமனின் தம்பி பெயர் சத்துருக்கன் அல்லவா? அந்தப் பெயரின் முதற்பகுதியை முந்தின அடியின் முடிவில் வைத்தார். கொடுத்த ஈற்றடி, தம்பிமார்க்கு இராமன் துணை என்று தானாகவே பொருள் தந்துவிட்டது. கேட்டவரையும் புண்படுத்தவில்லை, தம்மையும் விட்டுக்கொடுக்கவில்லை. சபை மகிழ்ந்தது.

இதையெல்லாம் கேட்டவுடனே, அவர் பிறவி மேதைங்க, நமக்கெல்லாம் அது வருமா என்று சொல்லத் தோன்றும். பிறவித் திறமை அவருக்கு இருந்திருக்கும்; மறுக்கவில்லை. ஆனால் ஒரு சொல்லைக் கவனியுங்கள். அவதானம் என்ற சொல்லுக்கு நினைவு என்று பொருள் இல்லை. கவனம் என்றுதான் பொருள். சதாவதானி என்றால் நூறு கவனம் உடையவர். நம் முன்னோர் இந்தக் கலைக்குப் பெயர் வைத்தபோதே இரகசியத்தையும் சேர்த்து வைத்துவிட்டார்கள். கவனம் போகாத இடத்தில் நினைவு முளைக்காது.

பிற்கால மனநூல் அறிஞர்கள் சோதித்துச் சொன்னதும் இதற்கு ஒத்தே இருக்கிறது. புதிதாகக் கேட்கும் எண்களை வரிசையாக ஒப்பிக்கச் சொன்னால், சாதாரண மனிதருக்கு ஏறக்குறைய ஏழுதான் நிற்கும். அமெரிக்காவில் ஒரு கல்லூரி மாணவரும் அப்படித்தான் ஏழு எண்ணோடு தொடங்கினார். அவருக்கு ஓட்டப்பந்தயத்தில் பழக்கம் உண்டு. ஆகவே கேட்ட எண்களை மூன்று நான்காகச் சேர்த்து, இது ஒரு மைல் ஓடிய நேரம், இது இரண்டு மைல் ஓடிய நேரம் என்று தமக்குத் தெரிந்த பொருளோடு முடிச்சுப் போட்டுக்கொண்டார். இருநூறு மணி நேரத்துக்கும் மேல் பயிற்சி செய்தபின், ஏறக்குறைய எண்பது எண்களை ஒருமுறை கேட்டு ஒப்பித்தார். 1980-இல் வெளிவந்த ஆராய்ச்சி இது. வேடிக்கை என்னவென்றால், எண்களுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தபோது பழையபடி ஆறு ஏழுக்கே வந்துவிட்டார். அவருடைய மூளை மாறிவிடவில்லை. பழகிய வழிதான் பலன் கொடுத்தது.

அவதானியும் இப்படித்தான். நூறு காரியத்தையும் ஒரே நொடியில் நினைக்க எந்த மனிதராலும் முடியாது. ஒன்றில் மனத்தை முழுசாக நிறுத்தி, அதை உரிய இடத்தில் வைத்துவிட்டு, அடுத்ததற்குப் போய், மறுபடி திரும்பி வருகிறார். வெண்பாவின் தளை, எதுகை, மோனை எல்லாம் அவருக்குப் பல்லாண்டுப் பழக்கம். யாப்பு என்பதே ஒருவகையில் நினைவைக் கட்டும் கயிறுதானே!

இதைப் படிக்கும் தோட்டத்துத் தாய்மார்களே! எனக்குப் படிப்பு ஏறலீங்க என்று நீங்கள் சொல்வதுண்டு. பால்மரம் வெட்டிய காலத்தில் ஐந்நூறு, அறுநூறு மரம் கொண்ட உங்கள் நிரையில் எந்த மரத்தில் பால் குறைவு, எந்த மரத்தில் பட்டை காயம், எங்கே மங்கு உடைந்திருக்கிறது என்று இருட்டிலேயே தெரிந்து வைத்திருந்தீர்களே, அது என்ன? மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவக் கை பழகியதே, அது என்ன? அதுவும் படிப்புதான். கவனத்தாலும், நாள்தோறும் திரும்பத் திரும்பச் செய்ததாலும் வந்த படிப்பு. உங்கள் பிள்ளைக்கும் அதே வழி திறந்திருக்கிறது.

அந்த வழியில் மூன்று படி உண்டு.

முதலாவது, மறதியை முந்திக்கொள்வது. செர்மனி நாட்டு அறிஞர் எபிங்கௌசு என்பவர் பொருளில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தம் மறதியைத் தாமே அளந்து 1885-இல் நூலாக வெளியிட்டார். மறுபடி படிக்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பதே அவருடைய அளவுகோல். ஒரு மணி நேரம் கழித்துப் படித்தபோது 44 விழுக்காடுதான் மிச்சமானது. ஒரு நாள் கழித்து 34. ஒரு மாதம் கழித்து 21. அதாவது, மறதி முதல் நாளிலேயே முக்கால் வேலையை முடித்துவிடுகிறது. பிறகு மெல்லத்தான் கரைகிறது. ஆகவே இன்று படித்ததை நாளைக்கே ஒருமுறை புரட்டுங்கள். பிறகு ஒரு வாரம் கழித்து. பிறகு ஒரு மாதம் கழித்து. சோதனைக்கு முந்தின இராத்திரி விடிய விடியப் படிப்பதைவிட இதற்குப் பலன் அதிகம்.

இரண்டாவது, ஒப்பித்துப் பார்ப்பது. புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை அம்மாவிடமோ தம்பியிடமோ சொல்லிப் பாருங்கள். பத்துமுறை கண்ணால் மேய்வதைவிட, பார்க்காமல் நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது பாடத்தை நன்றாக நிறுத்தும். அண்ணாவியார் திண்ணையில் நடந்தது இதுவே. ஆனால் பொருள் தெரியாமல் ஒப்பிப்பதில் பயனில்லை. பொருள்தான் ஆணி, நினைவு அதில் மாட்டும் சட்டை.

மூன்றாவது பெற்றோர்களுக்கு. இரசிய அறிஞர் பாவ்லவ், நாய்க்கு உணவு தருமுன் ஓர் ஒலியை எழுப்பிப் பழக்கினார். நாளடைவில் உணவு வராமலே, ஒலியைக் கேட்டதும் நாய்க்கு எச்சில் ஊறியது. பழைய தோட்டங்களில் பெரட்டு மணி கேட்டதும், தூக்கம் கலையுமுன்னே கால் தரையில் ஊன்றியதே, அதுவும் அந்தப் பழக்கம்தான். அதே நேரம், அதே பாய், அதே விளக்கு என்று தினமும் அரைமணி உட்காரவைத்தால் பிள்ளையின் மனம் தானாகப் படிப்புக்குத் திரும்பும். இதற்கு மறுபக்கமும் உண்டு. புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் திட்டும் பிரம்பும் வந்தால், பிள்ளையின் உடம்பு புத்தகத்தையே பயத்தோடு சேர்த்து முடிந்துவைக்கும். பயந்த மனத்தில் கவனம் நிற்காது. கவனம் நிற்காத இடத்தில் நினைவு ஏது? பிள்ளைக்கு மண்டை மந்தம் என்று நாம் சொல்வது, பல வீடுகளில் நாமே கற்றுக்கொடுத்த பயமாக இருக்கலாம்.

பாவலர் தம் ஆற்றலை வித்தை காட்டுவதோடு நிறுத்தவில்லை. இராமலிங்க அடிகளாரின் பாடல்கள் அருட்பாவா அல்லவா என்று தமிழ்நாட்டில் பெரிய வழக்கு எழுந்தபோது, இசுலாமியரான அவர் அருட்பாவே என்ற பக்கம் நின்று மேடைகளில் வாதாடினார். நாட்டு விடுதலைக்காகக் கதர் உடுத்தார். பல சமய நூல்களையும் கற்று நினைவில் வைத்திருந்தவர், அவற்றைக் கொண்டு மனிதரைப் பிரிக்கவில்லை, சேர்த்தார்.

1950-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள் பாவலர் மறைந்தார். இடலாக்குடியில் இன்று அவர் பெயரில் அரசுப் பள்ளி இருக்கிறது. 2008-இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

மாணவச் செல்வங்களே! இன்று பரிசு பெற்றவர்களுக்கு வாழ்த்துகள். பெறாதவர்களுக்கு ஒரு சொல். நூறு கவனம் நமக்கு வேண்டாம். ஒரே ஒரு கவனம் போதும். அதையும் தினம் அரைமணி கொடுத்தால் போதும். பெற்றோர்களே! வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் மார்க்கைப் பேசாதீர்கள். இன்றைக்கு என்ன படிச்சே, எனக்குச் சொல்லிக்குடு என்று கேளுங்கள். சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

வாழ்க பாவலர் புகழ்! வளர்க நம் பிள்ளைகள்!