செரண்டிப்பின் பெயரால் ஒரு சொல்

சொல்லை ஆக்குதல் எளிது; ஆக்கிய சொல்லை ஊரார் நாவிலே ஏற்றுதல் அரிது. விளையாட்டாகப் பல சொற்களைப் படைத்து, அவற்றுள் ஒன்றினால் இன்றும் உலகோர் பேச்சில் வாழ்பவர் ஆங்கில எழுத்தாளர் ஹொறஸ் வால்போல். அச்சொல்லின் வேர் நம் இலங்கைத்தீவின் பழம்பெயரில் ஊன்றியிருத்தலின், அவர் வரலாறு நமக்கு உவகை தருவதொன்றாகும்.

வால்போல் 1717 ஆம் ஆண்டு இலண்டனிலே பிறந்தார். தந்தையார் சேர் றொபேட் வால்போல், பிரித்தானியாவின் முதற் பிரதமர் எனக் கருதப்படுபவர். கேம்பிறிட்ஜிலே கற்ற இளைஞர், 1739 இல் தம் பள்ளித் தோழரும் பின்னாளிற் பெருங்கவிஞராய் விளங்கியவருமான தோமஸ் கிறேயுடன் ஐரோப்பிய யாத்திரை மேற்கொண்டார். அப்போது புளோரன்ஸ் நகரில் அரசப் பணியிலிருந்த ஹொறஸ் மான் என்பாரின் நட்பு வாய்த்தது. 1741 இல் ஊர் மீண்டபின் நண்பர் இருவரும் ஒருவரையொருவர் மீண்டுங் கண்டாரல்லர். ஆயினும், மான் 1786 இல் மறையும்வரை, நாற்பத்தைந்து ஆண்டுகள் கடிதங்களே அந்நட்பைக் காத்தன.

1741 முதல் 1768 வரை வால்போல் பாராளுமன்ற உறுப்பினராயிருந்தார். எனினும் அவர் உள்ளம் அரசியலில் நிலைக்கவில்லை. இலண்டனை அடுத்த துவிக்கனம் என்னும் ஊரிலே, ஸ்ற்றோபெரி ஹில் என்ற மனையை இடைக்காலக் கோட்டைபோல உருமாற்றினார். 1757 இல் அங்கு ஓர் அச்சகம் நிறுவினார். 1764 இல் அவர் வெளியிட்ட ‘ஒற்றாந்தோக் கோட்டை’ என்னும் நாவல், ஆங்கிலத்தில் அச்சச்சுவைக் கதைகளுக்கு வழிகாட்டியாயிற்று.

புதுச்சொல் புனைவதில் அவருக்குத் தீராத வேட்கை இருந்தது. ‘வார்ம்’ என்பது ‘வார்ம்த்’ ஆகுமாயின், இருளைக் குறிக்கும் ‘குளூம்’ ஏன் ‘குளூம்த்’ ஆகலாகாது? பசுமை குறிக்கும் ‘கிறீன்’ ஏன் ‘கிறீன்த்’ ஆகலாகாது? இவ்வாறு எண்ணினார் போலும். இவ்விரு சொற்களையும் தம் கடிதங்களிலே வழங்கினார். இலக்கண அமைதி இருந்தும் அவை வேர்கொள்ளவில்லை. இன்று அகராதிகளின் மூலையிலேயே அவற்றைக் காணலாம்.

1754 சனவரி 28 ஆந் திகதி மானுக்கு எழுதிய கடிதத்திலேதான் அவருடைய புகழ்பெற்ற சொல் பிறந்தது. மான் அனுப்பிய பியாங்கா கப்பெல்லோ என்னும் சீமாட்டியின் ஓவியத்திற்குச் சட்டம் அமைக்க எண்ணியிருந்தவர், பழைய நூலொன்றில் அவள் குடிச்சின்னம் பற்றிய செய்தியைத் தற்செயலாகக் கண்டார். அத்தகைய பேற்றைக் குறிக்க, தாம் முன்னர் படித்த ‘செரண்டிப்பின் மூன்று இளவரசர்’ என்னும் கதையை நினைந்து, ‘செரண்டிப்பிற்றி’ என்று பெயரிட்டார். செரண்டிப் என்பது அராபியரும் பாரசீகரும் நம் தீவுக்கு வழங்கிய பெயர். வழியின் ஒருபுறப் புல் மட்டும் மேயப்பட்டிருத்தலைக் கண்டு, சென்ற விலங்கு மறுகண் குருடென்று உய்த்துணர்ந்தவர் அவ்விளவரசர். காணாமற்போன ஒட்டகத்தின் கதையாக நம் சிறார் கேட்டறிந்ததும் இவ்வினத்ததே.

வால்போல் கருதிய பொருளில் இரண்டு கூறுகள் உள்ளன: ஒன்று தற்செயல், மற்றொன்று நுண்ணறிவு. தேடாத ஒன்று எதிர்ப்படினும், அதன் பயனை உணரும் அறிவில்லார்க்கு அப்பேறு இல்லை.

அவர் தம் கடிதங்களை மானிடமிருந்து மீளப்பெற்றுப் பிரதிசெய்து பேணினார். பிற்காலத்தார் தம்மை நினைத்தல் வேண்டுமென்ற ஆசை அவருக்கு இருந்தது. 1797 இல் அவர் காலமானபோது அச்சொல் ஊரறியாததாகவே இருந்தது. 1833 இல் மானுக்கு எழுதிய கடிதங்கள் அச்சேறின. அவ்வாண்டிலேயே மக்கோலே என்னும் பேரறிஞர், வால்போல் அற்பங்களிலே காலங்கழித்தவர் எனக் கடுமையாக மதிப்பிட்டார். அவ்வற்பங்களுள் ஒன்றாகவே அச்சொல்லும் கிடந்தது. 1875 அளவில் ஏடறிந்தோர் சிலர் அதனை எடுத்தாண்டனர். 1945 இல் உடலியல் அறிஞர் வோல்ற்றர் கனன் தம் நூலில் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அதன்பின் அறிவியலாளரிடையே பரவிய சொல், காலப்போக்கிற் பொதுமக்கள் வழக்கிலுங் கலந்தது.

ஆயினும் பரவிய சொல் பாதிப் பொருளை வழியில் இழந்தது. நுண்ணறிவு என்ற கூறு பின்தங்க, வெறும் நற்பேறு என்ற பொருளே பலர் வாயிலும் வழங்குகின்றது. சொல்லை ஆக்கியோன் அதன் வாழ்வையும் ஆளான், பொருளையும் ஆளான். வழங்குவோரே அதன் உடைமைக்காரர். புதுச்சொல் ஆக்கும் நம் ஆசிரியரும் மாணவரும் இதனால் மனந்தளர வேண்டுவதில்லை. விதைத்தலும் விதையைப் பேணுதலுமே வால்போலின் செயலாயின. முளைத்தற்கு எண்பது ஆண்டுகளும், தழைத்தற்கு நூற்றாண்டும் சென்றன. விதைத்தவர் அதன் நிழலைக் கண்டாரல்லர்.