புள்ளி வைத்த லூயிஸ்

நம் கல்லூரியில் வேதியியல் படித்த எவருக்கும் குளோரினைச் சுற்றி ஏழு புள்ளி வைத்த ஞாபகம் இருக்கும். புள்ளிக்குச் சொந்தக்காரர் கில்பர்ட் நியூட்டன் லூயிஸ் யாரென்று அப்போ நாங்க கேட்டதில்லை. பிறகுதான் தேடிப் படித்தேன்.

1875-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்தவர். 1902-இல் ஹார்வர்டில் பாடம் நடத்துகையில், அணுவைக் கனசதுரமாக்கி, வெளிக்கூட்டு எலெக்ட்ரான்களை எட்டு மூலைகளில் வைத்து வரைந்து பார்த்தார். வெளியிட 14 வருஷம் ஆச்சு! அதற்குள் பெர்க்லிக்குப் போய்விட்டார்.

சோடியம் தன் ஓர் எலெக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுத்துவிடும், சரி. இரண்டு குளோரின்கள் சேர்ந்தால் யார் யாருக்குக் கொடுப்பது? ஆளுக்கு ஒன்று போட்டு, அந்த ஜோடியைப் பொதுவில் வைத்துக்கொள்கின்றன, இருவருக்கும் எட்டு கணக்காகிவிடும் என்று 1916 கட்டுரையில் விளக்கினார். ஜோடி சேர்வது ஏன் என்பதற்குக் கணக்கு 1927-இல்தான் வந்தது. ஹைட்லரும் லண்டனும் போட்டது.

இதைப் பரப்பியவர் லாங்மூர். 'கோவேலன்ட்' என்ற பெயரும் அவர் வைத்ததே. கொள்கை லூயிஸ்–லாங்மூர் கொள்கை ஆயிற்று. லூயிஸுக்கு அதில் மனத்தாங்கல். நியாயம்தானே! லாங்மூருக்கு 1932-இல் வேறு ஆய்வுக்காக நோபல். லூயிஸின் மாணவர் யூரேக்கு 1934-இல். லூயிஸ் பெயரும் பலமுறை பரிந்துரைக்கப்பட்டது, கிடைக்கவேயில்லை.

1946 மார்ச் 23 அன்று, 70 வயதில், பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் சோதனை செய்துகொண்டிருந்த இடத்திலேயே இறந்துபோனார்.